ஓடப்போறது ஆர்?

வெள்ளிக்கிழமை பின்னேரம். டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் எங்கள் காப்புறுதி அலுவலகம் பூட்ட இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. தொழிற்சாலையில் இயந்திரம் திருத்தும் குணம் அண்ணை, மகள் டிலானியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, கெதியா ஒரு இன்சூரன்ஸ் போட்டுத் தா. பிள்ளைக்குத் திங்கக்கிழமை வேலை துடங்குது."

டிலானிக்கு இருபத்திரண்டு வயது. முப்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு முதியோர் இல்லத்தில் முதல் வேலை. காலை ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. கார் இல்லையென்றால் வேலையும் இல்லை. ஆனாலும் பிள்ளை சந்தோசத்தில் கதிரை நுனியில்தான் இருந்தாள். எனக்கும் அது தொற்றிக்கொண்டது. ஒருவரின் முதல் காருக்கு எழுதுகிற நாளில் எனக்குக் கோப்பியே தேவைப்படாது.

அண்ணை விலை பேசி வைத்திருந்ததோ ஒரு பெரிய ஜெர்மன் கார். பத்து வயதானாலும் மினுமினுவென்று இருந்தது. போனில் படத்தைக் காட்டும்போதே அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"என்ர பேரில போடு. இருபது வருசமா ஒரு கீறல் இல்லாமல் ஓடுறன். எனக்கு மலிவுதானே."

படிவத்தில் இருந்த கேள்வியைக் கேட்டேன். "இந்தக் காரை அதிகமா ஓடப்போறது ஆர், அண்ணை?"

"நான்தான்."

"இல்லை அப்பா, நான்தானே," என்று டிலானி டேனிஷில் சொன்னாள்.

அண்ணை அவளை முறைத்தார். பிறகு என்னை. "எங்கட ஆக்கள் எல்லாரும் இப்பிடித்தானே செய்யினம். நீயே எழுதிக் குடுத்திருக்கிறாய்."

ஓம், கொடுத்திருக்கிறேன். தொடக்க காலத்தில் தமிழ்க் குடும்பம் என்றால் கேட்காமலேயே அப்பாவின் பெயரை நிரப்பிவிடுவேன். பெரிய உதவி செய்கிறேன் என்று நினைப்பு. அப்படி நான் எழுதிய ஒரு காரை மகன் கொண்டுபோய் மோதினான். எதிர்ப்பக்கத்துக்கு நிறுவனம் நட்டஈடு கொடுத்தது. வழக்கமாகக் காரை ஓடுவது மகன்தான் என்று தெரிந்ததும் அந்தப் பணத்தைத் தகப்பனிடம் திருப்பிக் கேட்டது. அந்த மனுசன் என் மேசைக்கு முன்னால் இருந்து அழுதார். வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. அன்றிலிருந்து அந்தக் கேள்வியை நான் விழுங்குவதில்லை.

அண்ணையிடம் இதைச் சொன்னேன். அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப இவளின்ர பேரில போட்டா எவ்வளவு வரும்?"

கணக்குப் போட்டுக் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினேன். அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். தொகை குறையவில்லை. இளம் வயது, கனமான கார், பலமான எஞ்சின் மூன்றும் சேர்ந்தால் அப்படித்தான் வரும்.

டிலானிக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப வேலைக்கு வரமாட்டன் எண்டு சொல்லட்டோ, அன்ரி?"

"விசர்க் கதை கதையாதை. நீ வேற கார் ஏதும் பாத்து வைச்சிருக்கிறியோ?" என்று கேட்டேன்.

போனை நீட்டினாள். ஒரு சின்னச் சிவப்புக் கார்.

"இதைக் கோயில் கார் பார்க்கில விட்டா சனம் என்ன சொல்லும்?" என்றார் அண்ணை.

"சனமே மாசாமாசம் இன்சூரன்ஸ் கட்டப்போகுது?" என்றேன் நான்.

எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. எதிராளிக்கு வரும் சேதத்துக்கான கட்டாயக் காப்புறுதியைக் கணக்கில் போட்டேன். சொந்தக் காரின் சேதத்துக்கான கஸ்கோவை எடுத்துவிட்டேன். காரே அவ்வளவு மலிவு, அதற்குப் போய் வருடா வருடம் அள்ளிக் கொட்டுவதில் அர்த்தமில்லை. நடுவழியில் நின்றால் இழுத்துப்போகும் உதவியை மட்டும் சேர்த்தேன். தொகை பெரிய காரினதில் மூன்றில் ஒன்றாக விழுந்தது. டிலானி கதிரையை விட்டு எழும்பியே விட்டாள்.

அலுவலகம் பூட்டியதும் மூவருமாக அந்தச் சிவப்புக் காரைப் பார்க்கப் போனோம். அண்ணை ஒயில் பார்த்தார், கீழே படுத்துக் இரும்பில் கறல் பிடித்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார், எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்தார். "சின்னன்தான். ஆனால் நல்லா வைச்சிருந்திருக்கிறாங்கள்," என்று சொல்லி வாங்க ஒத்துக்கொண்டார். அந்தக் காரின் பொனட்டிலேயே மடிக்கணினியை வைத்து டிலானியின் பெயரில் எழுதினேன். அவள் அங்கேயே நின்று போனில் ஒப்புதல் கொடுத்தாள்.

இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். காரை வாங்குவதாகக் கைகொடுக்க முன்னமே காப்புறுதி விலையைக் கேளுங்கள். ஓடப்போகிறவரின் பெயரையே எழுதுங்கள். இந்த இரண்டாவதை எனக்கு வடிவாக விளங்கப்படுத்தியவர் குணம் அண்ணைதான்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு முன்னமே எனக்குப் போன் எடுத்தார். "பிள்ளை போய்ச் சேந்திட்டாள், தங்கச்சி."

"போன் பண்ணினவளோ?"

"இல்லை. நான் என்ர காரில பின்னாலயே வந்தனான். அவளுக்குத் தெரியாது. அவள் கார் ஓடி நான் இதுவரைக்கும் பாத்ததில்லை. எங்க போனாலும் நான்தானே ஓடுறனான். மழைக்குள்ள, பெரிய லொறியளுக்குப் பக்கத்தில, என்ன நிதானமா ஓடுறாள். நீ அவளின்ர பேரை எழுதினது சரி."