அருளின் கோடுகளோடு கொல்லிமலைக்கு

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் அருவிக்குப் போவார்கள், கோயிலுக்குப் போவார்கள். நான் போனது நான்கு நிமிடம்கூட ஓடாத ஒரு படத்தை ஒரு ஆளுக்குப் போட்டுக்காட்ட. போன ஐப்பசியில், மழை கொஞ்சம் விட்டுக்கொடுத்த ஒரு சனிக்கிழமை. மலையேறத் திட்டமிடுகிறவர்களுக்கு வேண்டிய விவரங்களை வழியில் சொல்லிக்கொண்டே வருகிறேன். ஆனால் இது நீங்கள் தேடி வந்த மாதிரியான பயணக் கட்டுரையாக இருக்காது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தப் படம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நானும் அருளும் சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஒரே அறையில் தங்கிப் படித்தோம். கோடை விடுமுறைக்கு எல்லாரும் ஊருக்குப் போய்விட, இவன் மட்டும் கம்ப்யூட்டர் லேப் சாவியை எப்படியோ வாங்கி வைத்துக்கொண்டு என்னையும் போகவிடவில்லை. கறுப்புத் திரையில் பச்சைக் கோடு மட்டும் தெரியும் கம்ப்யூட்டர் அது. அதில் ஒரு கோடு இடப்பக்கமிருந்து வரும், இரண்டாகப் பிரியும், நான்காகும், வலையாகும், அந்த வலை மெல்ல மூச்சு விடும். அப்புறம் எல்லாம் சுருங்கி ஒரே புள்ளியாகி அணைந்துவிடும். அவ்வளவுதான் கதை. இதற்குப் போய் ஒரு விடுமுறையையே தொலைத்தோம்!

அந்தப் பெட்டிக்கு ஓடும் படம் காட்டத் தெரியாது. ஒரு படத்தைக் கணக்குப் போட்டு வரைந்து முடிக்கவே ஒன்றிரண்டு நிமிடம் எடுக்கும். அதனால் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரிடம் கேமரா கடன் வாங்கித் திரைக்கு எதிரே நிறுத்தினோம். அருள் கீபோர்டில் ஒரு தட்டு தட்டுவான். படம் வரைந்து முடியும்வரை காத்திருப்போம். "ம்" என்பான். நான் கேமரா பொத்தானை அழுத்தி உடனே நிறுத்துவேன். மறுபடி ஒரு தட்டு, மறுபடி ஒரு "ம்". இப்படியே நூற்றுக்கணக்கான "ம்". கடைசியில் டேப்பைப் போட்டுப் பார்த்தபோது கோடு நடந்தது. நாங்கள் இரண்டு பேரும் லேப் பெஞ்சின் மேல் ஏறிக் குதித்தோம்.

நான் இப்போது சென்னையில் அனிமேஷன் கற்றுக்கொடுக்கிறேன். ஆண்டுதோறும் முதல் வகுப்பில், கம்ப்யூட்டரை எதற்கு வைத்துக்கொள்வது என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாத காலத்தில் எடுத்த சோதனைப் படங்களைத்தான் போடுவேன். சுழலும் வட்டங்கள், நடுங்கும் கோடுகள், புள்ளிக் கூட்டங்கள். சிங்கத்தின் பிடரியில் மயிர் மயிராகக் காட்டும் படங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் கையிலிருக்கும் போனைக் கீழே வைத்துவிடுவார்கள். ஏன் சார் இதைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியவில்லை என்று கேட்பார்கள். எளிமை, கறுப்பில் கற்பனைக்கு விட்ட இடம் என்று ஏதாவது அளந்துவிடுவேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் பிழைப்பு ஓடியது.

அருள் அதற்கப்புறம் படமே எடுக்கவில்லை. அவன் மனைவி எஸ்தர் அரசு நர்ஸ், ராசிபுரம் பக்கத்துப் பெண். அவளுக்குக் கொல்லிமலையில் பைல் நாடு என்கிற பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை போட்டதும் இவனும் கூடவே ஏறிப்போய், மலைமேல் சந்தை கூடும் சோளக்காடு என்ற ஊரில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்து உட்கார்ந்துவிட்டான். வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். வாரேன்டா, வாரேன்டா என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். போன வருஷம் மாரடைப்பு வந்து, ஆம்புலன்ஸ் மலையிறங்கி முடிப்பதற்குள் போய்விட்டான். எஸ்தர் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். சேலத்தில் அடக்கம் முடிந்த மறுமாதம் அந்த வீடியோ டேப்பை எனக்கு அனுப்பினாள். "வீடியோ டெக்கு நின்னு போச்சுங்ணா. டேப்பும் பூஞ்சை புடிச்சிருக்கு. பாக்கற மாதிரி ஆக்கிக் குடுங்க" என்று போனில் சொன்னாள். அதைத்தான் ஆக்கி எடுத்துக்கொண்டு போனேன்.

இனி வழி. சேலத்திலிருந்து ராசிபுரம் பஸ்ஸில் ஒரு மணி நேரம். அங்கே காலை ஏழரைக்கு ஒரு வாடகைக் கார் பிடித்தேன், போக வர, காத்திருப்பு எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய். காரவள்ளி வழியாக ஏறினால் எழுபது கொண்டை ஊசி வளைவு. வயிற்றைப் புரட்டும் ஆசாமிகள் முள்ளுக்குறிச்சி வழியாகப் போங்கள், வளைவு குறைவு. நான் அந்த ரகம்தான்.

டிரைவர் குமரேசன் முள்ளுக்குறிச்சிக்காரர். நாற்பது வயது இருக்கும், அடிவாரத்தில் சொந்த நிலத்தில் மரவள்ளி போட்டிருக்கிறார். ஊர் தாண்டும்போது தன் காட்டைக் கை நீட்டிக் காட்டினார்.

"ஏனுங்க, அருவிக்குங்களா?"

"இல்லீங்க. ஒரு படம் போட்டுக் காட்டணும்."

"மல மேல தேட்டரு ஏதுங்க?" என்று சிரித்தவர், விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "ஜெராக்ஸ் கடைக்காரருங்களா? எம்பட பொண்ணு காலேஜி அப்ளிகேசன் அவருதானுங்க போட்டுக் குடுத்தாரு. படமெல்லாம் எடுப்பாருன்னு தெரியாதுங்களே."

மேலே ஏற ஏறக் குளிர் ஏறியது. மரங்களில் மிளகுக் கொடி, ரோட்டுக்குக் குறுக்கே மேகம், முன்னால் போன லாரியின் பின்விளக்கு மட்டும் தெரிந்தது. சோளக்காட்டில் நிறுத்தி டீ குடித்தோம். வாழைத்தாரும் மிளகும் தேனுமாகச் சந்தை களைகட்டியிருந்தது. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே மூடிக்கிடந்த ஒரு ஷட்டரைக் குமரேசன் காட்டினார். ஜெராக்ஸ் போர்டு இன்னும் இருந்தது. அதைப் பார்த்தபடி டீயைக் குடிக்க முடியவில்லை, பாதியைக் கீழே ஊற்றிவிட்டேன்.

நர்ஸ் குவார்ட்டர்ஸ் அங்கிருந்து இருபது நிமிடம். எஸ்தர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். இளைத்துப் போயிருந்தாள்.

"வாங்ணா. இப்பத்தான் வழி தெரிஞ்சுதுங்களா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகவே சொல்லியிருக்கலாம்.

டீ கொடுத்த கையோடு ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் லேப்டாப்பைத் திறந்தேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே பெருமை. பூஞ்சை படிந்து, இழுத்து இழுத்து ஓடிய அந்த டேப்பைச் சென்னையில் பழைய டேப்புகளை மாற்றிக்கொடுக்கும் பிரவீன் என்பவரிடம் கொடுத்து, ஒவ்வொரு படமாகத் துடைத்து வைத்திருந்தேன். கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பு. பச்சை என்றால் நேற்று வரைந்த பச்சை. கோடு வந்தது, பிரிந்தது, வலை மூச்சு விட்டது, புள்ளி அணைந்தது.

எஸ்தர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"பளிச்சுனு இருக்குதுங்ணா. ஆனா அவரு எங்கீங்க?"

"அவரா? யாரு?"

"அவருதானுங்க. கண்ணாடில தெரிவாருங்களே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கு லேபில் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. மானிட்டர் கண்ணாடியில் எதிரே இருப்பது எல்லாம் தெரிந்தது. இப்படி எடுக்கும்போது கேமராவையும் ஆளையும் சேர்த்துக் கறுப்புத் துணி போட்டு மூடவேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பிம்பமும் படத்தில் விழும் என்பது பாலபாடம். எங்களுக்கு அது பாதிக்கு மேல் எடுத்த பிறகுதான் உறைத்தது. கேமராவைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய நாள் நெருங்கிவிட்டதால் அப்படியே விட்டோம். பிரவீன்கூட என்னைக் கேட்டார், "பின்னாடி ஏதோ நிழலாடுது சார், எடுத்துடவா?" என்று. பூஞ்சையில் எனக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. "டியூப் லைட்டுப்பா, சனியன், எடுத்துடு" என்றேன்.

எஸ்தர் பதறவில்லை. அதுதான் தாங்கவில்லை. மெதுவாகச் சொன்னாள்:

"கல்யாண வீடியோ இருக்குதுங்ணா. அதுல கோட்டு போட்டுட்டு வெறச்சாப்ல நிப்பாரு. அது அவரே இல்லீங்க. இதுலதானுங்க வேல செய்யறாரு. நாக்கைக் கடிச்சுக்குவாரு பாருங்க, அது இதுல மட்டுந்தான் இருக்குது. பொட்டுப் பொட்டுனு மாறுவாரு. ஒரு தரம் குனிஞ்சு, ஒரு தரம் நிமுந்து. கோடு பின்னால ஓடிட்டிருக்கும், நான் அவரத்தான் பாப்பேன். டெக்கு நிக்கற வரைக்கும் தெனமும் பாத்தேன்."

நல்ல வேளை, துடைக்காத பிரதி பிரவீனிடம் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே எழுந்தேன். குவார்ட்டர்ஸில் சிக்னல் இல்லை. குமரேசன் ஒன்றும் கேட்காமல் வண்டியைச் சோளக்காட்டுக்கு விரட்டினார். வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு லாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போன் போட்டேன்.

"சார், அது போன மாசமே டெலீட் பண்ணிட்டேனே" என்றார் பிரவீன். "ஃபைனல் ஓகேன்னீங்க. டிஸ்க்ல இடம் இல்ல."

"டேப்பு?"

"மாத்தும்போதே பிஞ்சு பிஞ்சு வந்துச்சு சார். சொன்னேனே."

சொன்னார்தான். அவரைத் திட்ட எனக்கு வாயில்லை. குமரேசன் வந்து, "போலாமுங்களா?" என்றார். போகத்தானே வேண்டும், அவளிடம் யார் சொல்வது? திரும்பிப் போகும் வழியெல்லாம் என் மாணவர்கள் ஞாபகம் வந்தது. ஏன் கண்ணை எடுக்க முடியவில்லை என்று கேட்ட பிள்ளைகளுக்கு எளிமை, கற்பனை என்று புளுகினேனே. அந்தக் கோடுகளுக்குப் பின்னால் ஒருவன் உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் காத்திருந்தான். பார்க்கிறவர்களுக்கு அவனைத் தெரியாவிட்டாலும் அந்தக் காத்திருப்பு தெரிந்துவிடுகிறது. இது எனக்கல்லவா முதலில் தெரிந்திருக்கவேண்டும்!

மீதியைச் சொல்வதற்குள் பயணக் குறிப்புகளை முடித்துவிடுகிறேன், அதற்கப்புறம் எழுத வராது. சேலம், நாமக்கல் இரண்டு ஊரிலிருந்தும் சோளக்காட்டுக்கு நேர் பஸ் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் ஸ்வெட்டரும் குடையும் கட்டாயம். பகல் மூன்று மணிக்கு மேல் மேகம் இறங்கிவிடும், அதற்குள் திரும்பிவிடுங்கள். பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, சொல்லவேண்டியதை அடிவாரத்திலேயே சொல்லிவிட்டு ஏறுங்கள். பழைய டேப் எதையாவது துடைக்கக் கொடுக்கிறீர்கள் என்றால், அதை வைத்திருந்தவரிடம் அதில் எதைப் பார்ப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள். துடைக்காத பிரதியைத் தனியாக எடுத்து வையுங்கள். கூப்பிடும் நண்பன் இருந்தால் இந்த வாரமே போங்கள்.

நான் உள்ளே நுழைந்ததுமே எஸ்தருக்குத் தெரிந்துவிட்டது.

"இல்லீங்களா?"

"இல்லைம்மா."

"அப்ப இன்னொருக்கா போயிட்டாரு" என்றாள். நான் அழுதேன். அவள்தான் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நீங்க பக்கத்துலயேதான நின்னீங்க. அந்நேரம் எப்படி இருப்பாருன்னு சொல்லுங்ணா, கேக்கறேன்."

யோசித்தேன். கோடு எந்த இடத்தில் பிரியும், வலை எத்தனை மடிப்பு மடியும் என்று எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அவன் அன்று என்ன சட்டை போட்டிருந்தான் என்றுகூடத் தெரியவில்லை. நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அப்படியே அவளிடம் சொன்னேன்.

"கட்டம் போட்ட சட்டைங்க" என்றாள் எஸ்தர். "போடுங்ணா, நான் காட்டறேன்."

மறுபடி ஓடவிட்டேன். அந்தச் சுத்தமான கறுப்பில், ஒன்றுமே இல்லாத இடத்தில் அவள் விரலை வைத்தாள். "இங்க குனிவாரு. இங்க தலையச் சொறிவாரு. இந்தா, இங்க நீங்க கொட்டாவி விடுவீங்க, பின்னால ஒல்லியா." கோடு பிரிந்தது. "இங்கதான் நாக்கைக் கடிக்கறாரு, பாருங்க." நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். வலை விரிந்து மூச்சு விடத் தொடங்கியது. அவள் விரல் மேலே போனது, பக்கவாட்டில் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது.

"இங்க..." என்றாள். "இங்க என்ன பண்ணுவாரு?"

படத்தை நிறுத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். "இருங்ணா, சொல்றேன், இருங்க" என்றபடி விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். கோடுகள் சுருங்கிப் புள்ளியாகி அணையும்வரை அவளுக்கு அது ஞாபகம் வரவில்லை.