ஓட்டையை மறைத்த படத்தாள்

என் வீட்டு நடுக்கூடத்தில் ஒரு பழைய படத்தாள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. குழந்தைகளுக்கு ஆங்கிலத்தில் வாகனங்களின் பெயரும் பயண இடங்களின் பெயரும் சொல்லிக்கொடுப்பதற்காக அச்சடித்தது. கார், லோரி, ஆம்புலன்ஸ், ஏரோப்ளேன், பஸ் ஸ்டேஷன், டிக்கெட் கவுண்டர் என்று வரிசையாகக் கட்டங்கள். அதில் இரண்டு கட்டங்களில் படம் இல்லை, வெறும் ஓட்டை. மூன்றாவதாக ஒரு கட்டத்தில் ஃபெர்ரி என்கிற பயணப் படகின் படம் கோணலாக ஒட்டியிருக்கும். அதன் கீழே இருந்த பெயரை யாரோ கத்தியால் சுரண்டியிருப்பது தெரியும். சுரண்டியதும் நான்தான், கோணலாக ஒட்டியதும் நான்தான். வருகிறவர்கள் இதை எதற்குச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாய் என்று கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

எழுபதுகளின் நடுவில் நான் கல்யாணமாகி ரிங்லெட் டவுனுக்கு மேலே மலையில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்தேன். அண்ணன் தம்பி இருவருக்கும் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். என் கணவர் தம்பி. அண்ணன் தோட்டத்து லோரி டிரைவர். மூத்தார் என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும், அவர் இவர் என்று எழுத வேண்டும். எனக்கு அது வராது. அவன் என்றே எழுதுகிறேன்.

அவன் மனைவி என் ஓர்ப்படி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். மலைச்சரிவில் அவள் கொழுந்து கிள்ளுகிற வேகத்துக்கு யாரும் ஈடுகொடுக்க முடியாது. வீட்டுக்குள் வந்தால் அந்தக் கைகள் ஒரு டம்ளரைக்கூடச் சத்தம் வராமல் வைக்கும். வயிற்றில் தங்கிய பிள்ளையை அவன் எட்டி உதைத்தே கலைத்தான். பிறகு, மலடி என்று சொல்லி அதற்காகவும் அடித்தான். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் சோறு வடித்துக்கொண்டிருப்பேன், அந்தப் பக்கம் தலை சுவரில் மோதும், என் அலமாரியில் டம்ளர் ஆடும். என் கணவர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே, "அண்ணன் விசயம்லா, நீ கேட்காத" என்பார். அவர் நல்ல மனிதர். அந்த நல்ல குணத்தை வைத்து அந்த வீட்டில் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஒரு நாள் மாலை ஜாக்கிக் கம்பியை அவள்மேல் வீசினான். அவள் குனிந்துவிட்டாள். கம்பி பலகையைப் பெயர்த்துக்கொண்டு வந்து என் அடுப்படியில் விழுந்தது. என் மூத்த மகள் தவழ்ந்துகொண்டிருந்த இடம் அது. கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. மறுநாள் அவன் தன் பக்கத்தில் ஒரு சாமிப் படக் காலண்டரைத் தொங்கவிட்டு மறைத்தான். என் பக்கத்துக்கு, ரிங்லெட் டவுனில் கண்ணில் பட்ட இந்தப் படத்தாளை வாங்கிவந்து மேல் ஓரத்தில் மட்டும் பசை தடவி ஒட்டினேன். பிள்ளைக்குப் பிற்பாடு உதவும் என்று கணவரிடம் சொன்னேன்.

உதவியது அக்காவுக்குத்தான். அவன் லோரியில் ஃபேக்டரிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், காலண்டரைத் தூக்கிவிட்டு ஓட்டை வழியாகக் கேட்டாள்.

"தங்கச்சி, அந்தத் தாள்ல என்னா எழுதியிருக்கு?"

"காடிங்க பேரு, எடங்க பேரு அக்கா. இங்கிலீசுல."

ஓட்டை வழியாக விரலை நீட்டித் தாளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "எனக்குச் சொல்லிக் குடு" என்றாள்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளோடு ஒரே வரிசையில் கொழுந்து எடுத்த ஒருத்தி முன்பே தோட்டத்தை விட்டுப் போய் பினாங்கில் ஓர் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற வேலையில் இருந்தாள். திருவிழாவுக்கு வந்தவள், "ஈப்போவுல ரயில் ஏறு, பட்டர்வொர்த்துல எறங்கி ஃபெர்ரி ஏறு, எறங்குற எடத்துல கேட்டா என் ஆஸ்பத்திரியக் காட்டுவாங்க, எப்ப வேணாலும் வா" என்று அக்காவின் காதில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஆனால் தோட்டத்தை விட்டு வெளியே போக ஒரே வண்டி லோரிதான். அதை ஓட்டுகிறவன் அவன். டவுனுக்கு, கோயிலுக்கு, சாவுக்கு, எதற்கென்றாலும் அவன் ஓட்ட அவள் பின்னால் நின்றுகொண்டு போக வேண்டும். ஒருமுறை கையை உடைத்துவிட்டு, அந்தக் கைக்குக் கட்டுப்போட அவனே லோரியில் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அங்கே அவள், வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாள். அவன் பக்கத்தில் நின்று தலையாட்டினான்.

நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாவதுவரை படித்தவள். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அந்தத் தாளோடு சரி. இந்தப் பக்கத்திலிருந்து, "பஸ் ஸ்டேஷன்" என்பேன். அந்தப் பக்கம் சட்டி தேய்க்கிற சத்தத்துக்கு நடுவில், "பஸ் ஸ்டேஷன்" என்று வரும். டிக்கெட் கவுண்டர். பிளாட்பாரம். வெயிட்டிங் ரூம். ஃபெர்ரி. ஜெட்டி. ஜெட்டி என்றால் படகு ஏறுகிற துறை என்றேன். கடல் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று கேட்டாள். நானும் அப்போது கடலைப் பார்த்ததில்லை, ரிங்லெட் அணை ஏரியைவிடப் பெரிது என்று மட்டும் சொன்னேன். ஆம்புலன்ஸ் கட்டத்துக்கு வந்தபோது, "அது நமக்கு வேணாம்லா, அடுத்ததுக்குப் போ" என்றாள். லோரியின் சத்தம் மேட்டில் கேட்டதும் அந்தப் பக்கம் காலண்டர் விழும், இந்தப் பக்கம் தாள் விழும்.

அவளைக் காட்டிக்கொடுத்தது அவளுடைய சந்தோஷம்தான். ஒரு நாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நாங்கள் மூட்டைகளோடு நின்றிருந்தோம். அவன் லோரியில் சாய்ந்து நின்றான். வழி தப்பி வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி காரை நிறுத்தி பஸ் ஸ்டேஷன் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். கணக்கு எழுதுகிற கிராணி பக்கத்தில் இல்லை. எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க, அக்கா முன்னால் வந்து கையை நீட்டி, "பஸ் ஸ்டேஷன், தானா ராத்தா. கோ ஜங்ஷன், லெஃப்ட்" என்றாள். வெள்ளைக்காரி தேங்க்யூ சொன்னாள். பெண்கள் கைதட்டினார்கள், ஒருத்தி அக்காவைத் துரைசாணி என்றாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான்.

அன்று மாலை அவன் கத்தவே இல்லை. சாதாரணக் குரலில் கேட்டான், எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"பஸ் ஸ்டேஷன் ஒனக்கு எதுக்குடி?"

அடுத்து, காய்ந்த விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். படத்தாளை விலக்கி ஓட்டைக்குள் கையை விட்டுக் காலண்டரைத் தள்ளினேன். தரையில் கிடந்தாள். முகத்தின் கீழ்ப்பாதி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. பல்லும் ரத்தமுமாக வாய். என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்லப் பார்த்தாள், சொல் வரவில்லை, ரத்தம்தான் வந்தது. அவன் குனிந்து இன்னொரு முறை அடித்தான். நான் போட்ட கூச்சலில் லயமே திரண்டு வந்தது. வந்தவர்கள் வாசலுக்கு வெளியே நின்றார்கள். புருசன் பெண்டாட்டி விவகாரமாம். நான் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்ததைப் பார்த்த பிறகுதான் என் கணவர் அசைந்தார். என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவன் படியில் உட்கார்ந்து சாக்குத் துணியால் ஜாக்கிக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

தோட்டத்து மருந்தகத்தில் காயத்துக்குக் கட்டுப்போடுகிற டிரெஸ்ஸர் தாடையைப் பார்த்ததுமே, லோரியில் ஏற்ற முடியாது, ஆம்புலன்ஸ் வர வேண்டும், ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்றார். தோட்டத்து மேனேஜர் துரை போலீசைக் கூப்பிட்டு அவனைப் பிடித்துக் கொடுத்தார். விடிந்தால் ஆம்புலன்ஸ் வந்துவிடும். நான் வீட்டுக்கு ஓடினேன். அவள் கற்றுக்கொண்ட சொற்களைச் சொல்ல இனி வாய் இல்லை. கத்தரிக்கோலை எடுத்துத் தாளிலிருந்து மூன்று படங்களை வெட்டினேன். பஸ், ரயில், ஃபெர்ரி. யாரிடம் நீட்டினாலும் வழி காட்டுவார்கள் அல்லவா. திரும்பி வந்து அவள் போர்வையின்மேல் மூன்றையும் கலைத்து வைத்தேன். தலையைத் திருப்ப முடியாமல், கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தாள். வலக்கையால் அவற்றை ஒவ்வொன்றாக நகர்த்தி வரிசையாக வைத்தாள். முதலில் பஸ், பிறகு ரயில், பிறகு ஃபெர்ரி. எனக்கு அழுகை பொங்கியது. மூன்றையும் அவள் ரவிக்கைக்குள் செருகினேன். அவன் ஓட்டாத வண்டி என்று அவள் முதன்முதலாக ஏறியது அந்த ஆம்புலன்ஸில்தான். வேண்டாம் என்று அவள் தாண்டிப்போன படம்.

அவனை நீண்ட நாள் உள்ளே வைக்கவில்லை. லோரி ஓட்ட ஆள் இல்லை, மூட்டையிலேயே கொழுந்து வெந்துபோகிறது என்று தோட்டத்தில் புலம்பினார்கள். ஜாமீனில் வந்து பழையபடி லோரியில் ஏறினான். சில வாரங்கள் கழித்து, தாடைக்குக் கம்பி போட்டிருந்த அவளைப் பார்க்க ஈப்போ போனான். கட்டில் காலி. பஸ் ஏறி ரயில் ஸ்டேஷன் பக்கம் போனதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படியே திரும்பி வந்தவன் நேராக என் வீட்டுக்குள் நுழைந்தான்.

எங்கள் வழக்கத்தில் தம்பி மனைவி மூத்தார் எதிரில் நிற்கக்கூடாது, பேசவும் கூடாது. அவனும் என் அடுப்படிக்குள் வந்ததே இல்லை. அதனால் படத்தாளை அவன் அதுவரை பார்த்ததில்லை, அதைக் கழற்றி வைக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியிருக்கவில்லை. அவன் பார்த்தான். மூன்று சதுர ஓட்டைகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர். எழுத்துத் தெரியாதவன். ரோட்டுப் பலகைகளை நிறத்தையும் உருவத்தையும் வைத்தே அடையாளம் கண்டவன். என் வலக்கையைப் பிடித்து இழுத்துத் தாளின்மேல் அழுத்தினான்.

"படி."

"பஸ்" என்றேன். நான் அவனிடம் நேராகப் பேசிய முதல் சொல் அது. விரலை அடுத்த ஓட்டைக்கு நகர்த்தினான். "ட்ரெயின்" என்றேன். இரண்டும் அவனுக்குத் தெரிந்த செய்தி, அதில் பொய் சொன்னால் மூன்றாவதும் நிற்காது. ஈப்போவிலிருந்து ரயில் வடக்கேயும் போகும், தெற்கேயும் போகும். கோலாலம்பூரில் அவளுடைய தாய்மாமன் இருந்தார். பினாங்கில் இருந்தவளைப் பற்றி அவனுக்கு நினைவே இல்லை. அவள் எந்தத் திசைக்குப் போனாள் என்பது அந்த மூன்றாவது பெயரில் இருந்தது.

"இது?"

"டாக்ஸி" என்றேன்.

என் ஆள்காட்டி விரலைப் பின்னால் மடக்கினான். "சரியாப் படி."

"டாக்ஸி."

விரல் ஒடிந்தது. நான் மூன்றாம் முறையும் டாக்ஸி என்றே கத்தினேன். மகள் மூலையில் நின்று அலறினாள். விட்டுவிட்டு, ரிங்லெட்டிலிருந்து மத்தியான பஸ்ஸில் மலையிறங்கிக் கோலாலம்பூருக்குப் போனான். டாக்ஸி ஸ்டாண்டு டாக்ஸி ஸ்டாண்டாகத் தேடியிருக்கிறான். அவன் போனதும் இடக்கையால் கத்தியை எடுத்து அந்தப் பெயரைச் சுரண்டினேன், வேறு யாரும் வந்து அவனுக்குப் படித்துச் சொல்லிவிடக் கூடாது.

அவள் போய்ச் சேர்ந்தாளா என்று தெரியாமலே ஒரு தீபாவளி வந்தது. பினாங்குத் தோழி தோட்டத்துக்கு வந்திருந்தாள். கூட்டத்தில் என்னைக் கடக்கும்போது என் உள்ளங்கையில் எதையோ வைத்து மூடிவிட்டு நிற்காமல் போனாள். வீட்டுக்கு வந்து பிரித்தேன். மடித்து மடித்துக் கசங்கிய ஃபெர்ரி. அரிசி டின்னுக்குள் அதை வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். ஒட்ட முடியாது. அவன் இருக்கிறவரை அந்தக் கட்டம் ஓட்டையாகத்தான் இருக்க வேண்டும்.

எண்பதுகளின் கடைசியில் அவன் பக்கவாதத்தில் விழுந்தான். என் கணவர்தான் கஞ்சி ஊட்டினார். ஒரு நாள் அவர் இல்லாதபோது நான் கொண்டுபோய் வைத்தேன். அவன் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. அதைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை, வந்ததாகச் சொன்னால் பொய். கோணிய வாயால் குழறினான்.

"மூணாவது... அது டாக்ஸி இல்லதானே?"

இத்தனை வருடம் அதையே நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறான். எழுந்து போக முடியாதவனிடம் உண்மையைச் சொன்னால் என்ன என்று ஒரு நொடி தோன்றியது.

"டாக்ஸிதான்" என்றேன். கஞ்சிக் கிண்ணத்தை அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் நகர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.

அவன் கருமாதி முடிந்து வந்தவர்கள் கலைந்த பிறகு, அரிசி டின்னைத் திறந்து ஃபெர்ரியை எடுத்தேன். சோற்றுப் பசை தடவி அதன் கட்டத்தில் வைத்து அழுத்தினேன். ஒடிந்த விரல் மடங்காது, அதனால் கோணலாக உட்கார்ந்துவிட்டது. என் கணவர் பின்னால் வந்து நின்று வெகுநேரம் பார்த்தார்.

"இது என்னா, கப்பலா?" என்றார்.

"ஃபெர்ரி" என்றேன். ஓட்டைக்கு அந்தப் பக்கம் சட்டி தேய்த்துக்கொண்டிருந்த அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பிறகு, அந்த வீட்டில் நான் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.