வின்டேஜ் என்றால் வெறும் பழசா?

ஆம்பூர் ஷூ கம்பெனியில் என் வேலை இன்னும் நிரந்தரமாகாத நேரம். வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்க வரப்போகும் பையர் ஒருவர் 'வின்டேஜ்' தோற்றத்தில் ஒரு ஜோடி ஷூ மாதிரி கேட்டிருந்தார். "இந்த ஆர்டரைப் பிடிச்சா நீ பர்மனென்ட். கோட்டை விட்டா வேற இடம் பார்த்துக்கோ" என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

வின்டேஜ் என்றால் பழசு, அவ்வளவுதானே! ஃபினிஷிங் பிரிவில் சொல்லி, முனைகளை உப்புத்தாளால் தேய்க்கவைத்து, நிறத்தை மங்கவைத்து, பல வருஷம் நடந்த ஷூவாக ஆக்கி மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் வந்து பார்த்தால் அது பளபளவென்று மின்னுகிறது! பேக்கிங் அக்கா சிரித்துக்கொண்டே வந்தார்.

"இன்னாம்மா, இப்டி தேஞ்சி கெடக்குது? பையர் பார்த்தா மானம் போய்டுமேன்னு நான்தான் பாலிஷ் போட்டேன்."

"ஐயோ அக்கா! அது பழசாத்தான் இருக்கணும்! யாரு உங்களைப் போடச் சொன்னது?"

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அக்காவின் முகம் சுண்டிவிட்டது. மறுபடி தேய்க்க நேரமில்லை. பையரின் கார் உள்ளே வந்துவிட்டது.

அவர் ஷூவை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேய்த்த கோடுகளுக்குள் பாலிஷ் இறங்கி, ஓரங்கள் அழகாகக் கறுத்திருந்தன.

"இதைத்தான் கேட்டேன். மற்ற இடங்களில் குப்பையில் கிடந்த ஷூ மாதிரி செய்து காட்டுகிறார்கள்" என்றார் ஆங்கிலத்தில். பிறகு ஒரு பாடமே நடத்தினார். வின்டேஜ் என்றால் முதலில் திராட்சை அறுவடையாம். லத்தீனில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். பிறகு ஒரு வருஷத்து அறுவடையில் செய்த ஒயினைக் குறித்தது. நல்ல வருஷத்து ஒயினைப் பொத்திப் பொத்தி வைத்தார்கள். கார், சட்டை, ஷூவெல்லாம் அப்புறம்தான். வெறும் பழசு அல்ல, நன்றாக வைத்துக்கொண்ட பழசு.

"தோபா தோபா! ஒயின் பேரையா நம்ம ஷூவுக்கு வச்சாங்க?" என்று, மது ஹராம் என்னும் மேல்விஷாரத்து ஃபினிஷிங் பாய் என் காதோரம் முணுமுணுத்தார். சிரிப்பை அடக்குவதற்குள் ஆர்டர் உறுதியாகிவிட்டது. அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. பேக்கிங்குக்கு ஓடினேன்.

"இன்னாம்மா, ரெண்டு பேருக்கும் வேலை போய்டுச்சா?"

"ஆர்டர் கெடைச்சிடுச்சுக்கா! அந்தப் பாலிஷோடதான் வேணுமாம். காலைல கத்திட்டேன், மனசுல வச்சுக்காதீங்க."

அக்கா பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேவிட்டார். "காலைலேருந்து பச்சத் தண்ணி எறங்கலம்மா."

எனக்கும்தான். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டிபன் பாக்ஸைத் திறந்தார். புளிச்சோறு. ஒரே மூடியில் போட்டு இருவரும் சாப்பிட்டோம்.