நான்காவது பெயர்

நாட்டுக்காகக் கால்பந்து ஆடிய ஒருவர் இறந்துபோனால் செய்தித்தாளில் நான்கு வரி வரும். விளையாட்டுப் பக்கத்தின் கீழ்மூலையில், டயர் விளம்பரத்துக்குப் பக்கத்தில். வயது ஒரு பத்திரிகையில் ஒன்றாகவும் இன்னொன்றில் வேறாகவும் இருக்கும். எந்த ஆண்டுகளில் ஆடினார் என்பது பெரும்பாலும் இருக்காது. அந்த நான்கு வரிகளை வெட்டி ஒட்டியதில் தொடங்கியது என் பழக்கம். இப்போது எழுதிக்கொண்டிருப்பது மூன்றாவது நோட்டு. பிறந்த நாள், நாட்டுக்காக முதலில் ஆடியது, கடைசியாக ஆடியது, களத்தில் எந்த இடம், இறந்த நாள், தகவல் வந்த வழி என்று ஒவ்வொருவருக்கும் ஆறு கட்டங்கள். இங்கே யாருடைய பெயரையும் சொல்லப்போவதில்லை. ஒரு பெயரை எழுதிவிட்டு நான் பட்ட பாடு போதும்.

சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் எனக்கு வேலை. ஷிப்டுக்கு யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று குறிக்கிற வேலை. கேள்விப்பட்டதை எழுதினால் அங்கே சண்டை வந்துவிடும். அதனால் நோட்டுக்கும் ஒரு விதி வைத்திருந்தேன். இரண்டு இடத்திலிருந்து தகவல் வராமல் இறந்த நாள் கட்டத்தை நிரப்பக் கூடாது.

கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளாக அந்தக் கட்டம் வேகமாக நிரம்புகிறது. நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது ரேடியோவில் வேகமாகச் சொல்லப்பட்ட பெயர்கள் எல்லாம் இப்போது எழுபதை நெருங்கிவிட்டன, அல்லது தாண்டிவிட்டன.

எங்கள் ஊரான கரியமாணிக்கத்தைச் சுற்றியுள்ள கிராமங்கள் சேர்ந்து ஒவ்வோர் ஆண்டும் ஒரு போட்டி நடத்துவோம். இறுதி ஆட்டம் நவம்பர் முதல் தேதி, புதுச்சேரி விடுதலை நாள் விடுமுறையன்று. மழைக்காலம்தான். ஆனாலும் அந்தத் தேதியை யாரும் மாற்ற விடமாட்டார்கள். ஆட்டம் தொடங்கும் முன் அந்த ஓராண்டில் இறந்த முன்னாள் இந்திய ஆட்டக்காரர்களின் பெயர்களை நான் மைக்கில் படிப்பேன். பிறகு ஒரு நிமிடம் மௌனம். இரண்டு அணிகளும் நடுவட்டத்தைச் சுற்றிச் சேற்றில் நிற்கும். டீக்கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு இரண்டு கைகளிலும் கிளாஸைப் பிடித்தபடியே நிற்பார். நடுவரின் கைக்கடிகாரப்படி சரியாக அறுபது விநாடி. இப்படிப் படிக்கலாம் என்று முதலில் சொன்னவன் நான்தான். ஆகவே பட்டியலும் என் பொறுப்பு.

அந்த ஆண்டு பட்டியலில் மூன்று பேர் இருந்தார்கள். ஒரு கோல்கீப்பர், இரண்டு முன்களக்காரர்கள். போட்டிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது நான்காமவர் சேர்ந்தார்.

காலை ஷிப்டுக்காக கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். வில்லியனூர் ரயில்வே கேட் திறந்திருந்தது. மூடியிருந்தால் பஸ் நின்றிருக்கும், நானும் முழுதாகப் படித்திருப்பேன். கேட்டைத் தாண்டியதும் மின்கம்பத்தில் புதிதாக ஒரு ஃப்ளெக்ஸ். மேலே "கண்ணீர் அஞ்சலி". நடுவே ஆள் உயரத்துக்கு, நீலச் சட்டையில், இடுப்பில் கை வைத்தபடி எங்கள் லெஃப்ட் பேக், இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர். வில்லியனூரை அடுத்த ஒரு கிராமத்துக்காரர். இந்தப் பக்கத்திலிருந்து நாட்டுக்காக ஆடியவர் என்று எனக்குத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். நேரில் பேசியதில்லை. என் சிறு வயதில் ஒருமுறை உழவர்கரையில் அவர் ஆடியதைப் பார்த்திருக்கிறேன்.

டைம் ஆபீஸில் என்னோடு உட்காருகிறவரிடம் கேட்டேன்.

"கேட்டாண்ட ஃப்ளெக்ஸ் பாத்தியா?"

"பாத்தேன். பாவம்பா. நல்லா ஆடுவாராமே?"

இரண்டு தகவல் ஆயிற்று. என் கண் ஒன்று, அவர் கண் ஒன்று. இரண்டு பேரும் ஓடுகிற வண்டியிலிருந்து ஒரே ஃப்ளெக்ஸைத்தான் பார்த்தோம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அன்று வியாழக்கிழமை. எப்படியும் முந்தின நாள் இறந்திருப்பார் என்று கணக்குப் போட்டு, புதன்கிழமை என்று மையில் எழுதினேன். கிளப் செயலாளருக்கும் சொன்னேன். கரும்பு பயிரிடுகிறவர், எதையும் உடனே செய்து முடிப்பவர். "நம்மூரு ஆளுண்ணே, பெருசா செய்யணும்" என்று நான்கு படங்களோடு ஒரு அஞ்சலி பேனருக்கு அன்றைக்கே ஆர்டர் கொடுத்துவிட்டார்.

என்னை உறுத்தியது வேறொன்று. லெஃப்ட் பேக்குக்குப் பிறந்த நாள் கட்டம் காலியாக இருந்தது. மற்ற மூவருக்கும் எல்லாத் தேதிகளும் இருக்க, நம்மூர்க்காரருக்கு மட்டும் கோடு போட்டுப் படிப்பதா? அடுத்த வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டு, வில்லியனூரில் ஒரு ரோஜா மாலை வாங்கி, நோட்டையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் சாமியானா பிரிக்கப்படாமல் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவிதான் என்று ஊகித்தேன். மாலையைப் பார்த்ததும் ஒரு நாற்காலியை உருவிப் போட்டார்.

"சேதி இப்பத்தான் தெரிஞ்சிதா?"

"போன வாரமே தெரியும்மா. வேலை, வர முடியல. எப்படி ஆச்சு?"

"மூணு நாளா கஞ்சி எறங்கல. அப்பறம் தூக்கத்துலயே போயிடுச்சி. நல்ல சாவுதான். வயசு எம்பத்தொண்ணு முடிஞ்சி போச்சி."

நோட்டைத் திறந்தேன். என் கணக்கில் அவருக்கு அறுபத்தெட்டு அல்லது அறுபத்தொன்பது. எண்பத்தொன்று என்றால் அவர் நாட்டுக்காக ஆடத் தொடங்கியபோது முப்பத்தைந்தைத் தாண்டியிருப்பார். லெஃப்ட் பேக்குக்கு நடக்காத காரியம்.

"எம்பத்தொண்ணாம்மா? எனக்குத் தெரிஞ்சி எழுபதுகூட ஆவலியே."

அந்த அம்மா முறத்தைக் கீழே வைத்தார். "யாரச் சொல்றீங்க நீங்க?"

நான் யாரைச் சொல்கிறேன் என்பதற்கு ஆளே உள்ளிருந்து வந்தார். கையில் டீ டம்ளர். இடது முழங்காலை மடக்காமல் இழுத்து நடந்தார். மழித்த தலை. வெள்ளை வேட்டி. முகம் மட்டும் ஃப்ளெக்ஸில் பார்த்த முகம், நாற்பது ஆண்டு கழித்து.

"யாரு? இன்னா வேணும்?"

மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டு, கேட், ஃப்ளெக்ஸ், புதன்கிழமை. சொல்லச் சொல்ல அந்த அம்மாவின் முகம் இறுகியது.

"எங்க பெரியவருதாங்க செத்தது, இவரோட அண்ணன்" என்றார். "அவர் படம் கீழ மூலைல இருக்குது. ஆதார் கார்டுல இருந்ததுதான் இருந்துச்சி. பெருசாக்குனா கலையுதுன்னான் அந்த ஃப்ளெக்ஸ் கடைக்காரன். இவர் படம் பெருசா பளிச்சுன்னு இருந்துச்சா, நடுவுல இவரப் போட்டுட்டான். குடும்பத்துக்கே பெரும இவருதானேன்னு நம்ம பசங்களும் சும்மா இருந்துட்டாங்க. கேக்க வேணாமா?"

எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். அஞ்சலி ஃப்ளெக்ஸில் வருந்துகிறவர்களின் படங்களும் இருக்கும். ஊரில் பெயருள்ளவர் படம் ஒரு சுற்று பெரிதாகவே இருக்கும். ஆயிரம் ஃப்ளெக்ஸ் பார்த்த எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

"அதத்தான் நீங்க பாத்தீங்க, விடுங்க. இங்க வந்து உக்காந்து எங்கிட்ட பேசுனீங்களே," அந்த அம்மா தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார், "இதப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்குமே. நோட்டையே பாத்துனு இருக்கறீங்க."

குங்குமம் பெரிதாக, வட்டமாக இருந்தது. நான் கவனிக்கவே இல்லை.

"வுடுடி," என்றார் அவர். எதிரில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். "தம்பி, என்னிக்கி என்னைக் கொன்னே? புதனா?"

"புதன்தான் சார்."

"புதன்கெழம எங்க அண்ணனத் தூக்கினு போனோம். அடுத்த வாரம் பேங்குல உயிரோட இருக்கறேன்னு பென்ஷனுக்குக் கையெழுத்துப் போடணும். நீ இத எடுத்துனு போயி அவங்கிட்ட காட்டிட்டீன்னா என் பென்ஷன் போச்சி."

சிரிக்கலாமா என்று தெரியாமல் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டார்.

"வேற யார் யாரு இருக்கறாங்க அதுல? குடு."

நோட்டை வாங்கிக் கண்ணாடி இல்லாமல் தூரப் பிடித்துப் படித்தார். முன்களக்காரர்கள் இரண்டு பேரையும் விரலால் கடந்தார். அவை அவருக்குத் தெரிந்த செய்திகள். கோல்கீப்பரின் பெயரில் விரல் நின்றது.

"இவனுமா?"

"பங்குனியில சார்."

"எனக்கு யாரும் சொல்லலியே." விரலை அந்தப் பெயரிலிருந்து எடுக்கவில்லை. "கேம்புல ரெண்டு பேரும் ஒரே ரூமு. பந்து வரும்போது லெஃப்ட், லெஃப்ட்னு என் பேரச் சொல்லாமலே கத்துவான். என் பேரு அவனுக்கு வாயில வராது. அவன் பாஷை எனக்கு வராது." நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "இத நீ எழுதி வெக்கலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

பிறந்த நாளைக் கேட்க அதற்கு மேல் எனக்குத் துணிவில்லை. அவரே கேட்டார். "இன்னாமோ தேதி வேணும்னு வந்தியே? எது வேணும்? பொறந்ததா, ஸ்கூல்ல குடுத்ததா?" இரண்டையும் சொன்னார். இரண்டையும் எழுதிக்கொண்டேன். ஒன்றரை ஆண்டு வித்தியாசம்.

அப்போதுதான் பேனர் நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைக் கட்டுவதாகச் செயலாளர் சொல்லியிருந்தார். அன்று வெள்ளி. கட்டுகிற இடம் நெட்டப்பாக்கம் பஸ் நிறுத்தம். துக்கத்துக்கு வந்து போகிற இவருடைய சொந்தங்களில் பாதிப் பேர் அந்த வழியாகத்தான் போவார்கள். அவர்களிடம் பேனரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே செயலாளருக்குப் போன் போட்டேன், மணி அடித்து நின்றது. மறுபடி போட்டேன், அதே கதை. மூன்றாம் முறை போடும்போது மாலையை அந்த நாற்காலியிலேயே விட்டுவிட்டு வண்டியில் ஏறிவிட்டிருந்தேன். அந்த அம்மா பின்னாலிருந்து சொன்னது கேட்டது: "அந்தப் பேனர மொதல்ல அவுத்துடுங்க."

நெட்டப்பாக்கம் போகும்வரை ஒவ்வொரு கம்பத்தையும் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். பஸ் நிறுத்தத்தில் பிறந்தநாள் வாழ்த்து இருந்தது, மஞ்சள் நீராட்டு விழா இருந்தது, எங்கள் பேனர் இல்லை. செயலாளர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாண்ணே, மூச்சு வாங்குது?"

"பேனர் எங்கப்பா?"

"அத ஏன் கேக்கற. கல்யாண ஆர்டரு முடியட்டும், நாளைக்கித் தரேன்னு இழுத்தடிக்கறான் கடைக்காரன். இப்பத்தான் போன்ல அவன நல்லா திட்டிட்டு வந்து உக்காந்தேன். அதான் உன் போன எடுக்கல."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டீ சொன்னேன். அந்தப் பேனர் கடைக்காரரை யாரும் அவ்வளவு நன்றியோடு நினைத்திருக்க மாட்டார்கள். விஷயத்தைச் சொன்னதும் செயலாளர் முதலில் சிரித்தார், பிறகு கையெடுத்துக் கும்பிட்டார், பிறகு தன்மேல் பழி வந்திருக்குமே என்று என்னைத் திட்டினார். மூன்றையும் வாங்கிக்கொண்டேன். கடைக்காரருக்குப் போன் போட்டு மூன்று படங்கள் போதும் என்றார். அந்தப் பக்கத்திலிருந்து, செத்தவங்கள்லகூட கேன்சலா என்று கேட்டது எனக்கே காதில் விழுந்தது.

நவம்பர் முதல் தேதி லெஃப்ட் பேக் வந்தார். நான் அழைக்கவில்லை, அழைக்க முகமும் இல்லை. மகனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினார். செயலாளர் ஓடிப் போய் நாற்காலி போட்டார். பட்டியலை நான் நீட்டினேன். அவர் மைக் முன்னால் நின்று மூன்று பெயர்களையும் படித்தார். கோல்கீப்பரின் பெயரை மட்டும் இரண்டு முறை. இறந்தவரின் ஊர்க்காரர்கள் சொல்கிற மாதிரியே சொன்னார் என்று நினைக்கிறேன், நான் வேறு விதமாகச் சொல்லியிருப்பேன்.

நடுவர் விசில் ஊதினார். சேற்றில் இருபத்திரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள். அவருக்கு அந்த முழங்காலோடு நிற்பது கடினம். உட்காரச் சொல்லிச் செயலாளர் சைகை செய்தார். அவர் கவனிக்கவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி அறுபது விநாடியும் நின்றார். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, பக்கக் கோட்டுக்கே வந்துவிட்டார். "டேய் லெஃப்ட்டு, எங்கடா நிக்கற? உள்ள வாடா. பந்தப் பாக்காதடா, ஆளப் பாரு." தொண்டை கட்டிப்போகும் என்று மகன் தண்ணீர் பாட்டிலோடு பின்னாலேயே நடந்தார். அவர் வாங்கவில்லை. தூறல் தொடங்கியது. மழித்த தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மறுபடி கத்தினார்.

ஒவ்வோர் ஆண்டும் இறுதி ஆட்டத்தின் கோல்களை நிமிடக் கணக்கோடு எழுதி வைப்பேன். அந்த ஆண்டு தாளில் இரண்டாவது கோல்தான் இருக்கிறது. முதல் கோல் விழுந்தபோது நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.