டி டிரைவில் இருந்த கல்யாணம்

அக்காவின் கல்யாணத்துக்கு அப்பா வரவில்லை. குவைத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் கேட்ட லீவு, முகூர்த்தம் முடிந்து இரண்டு மாதம் கழித்துத்தான் கிடைத்தது. “வந்து பெரிய படத்துல பாத்துக்கிறேன், பத்திரமா வையி” என்று போனில் என்னிடம் சொன்னார். பெரிய படம் என்று அவர் சொன்னது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை.

ஏதோ ஓர் ஆபீஸில் ஓடிக் களைத்த பிறகு, அறந்தாங்கியில் ஒரு கடை வழியாக எங்கள் வீட்டுக்கு வந்தது அது. பஸ்ஸில் டவர் பெட்டியைக் கண்டக்டர் என்ஜின் பக்கம் வைக்கச் சொன்னார். மானிட்டரை மட்டும் யாரையும் தொட விடாமல் ஊர் வரும்வரை மடியிலேயே வைத்திருந்தேன். அம்மா அதற்குப் பழைய சேலையில் ஓரம் அடித்து உறை தைத்துப் போட்டார். பட்டனை அழுத்தினால் உள்ளே இருந்த காற்றாடி அரைவை மில் மாதிரி இரையும். “ஒன் மில்லு ஓட ஆரம்பிச்சிருச்சுடா” என்பாள் அக்கா.

கல்யாண வீடியோவையும் போட்டோக்களையும் ஸ்டுடியோக்காரர் தன் ஹார்டு டிஸ்க்கில் கொண்டுவந்து டி டிரைவில் ஏற்றிவிட்டுப் போனார். ஏற ஏற, டிரைவுக்குக் கீழே இருந்த நீலக் கோடு நீண்டுகொண்டே போய்க் கடைசியில் சிவப்பானது. ஏன் சிவப்பு என்று அக்கா கேட்டாள். இடம் தீர்ந்துபோனால் அப்படித்தான் காட்டும் என்றேன். “பரவாயில்லையே, ஏங் கல்யாணம் டப்பாவையே அடைச்சிருச்சு” என்று சிரித்தாள். ஸ்டுடியோக்காரர் தன்னிடம் இருந்ததை அடுத்த முகூர்த்தத்துக்கு இடம் வேண்டும் என்று அழித்துவிட்டார். ஆக, அந்தக் கல்யாணம் உலகத்திலேயே எங்கள் வீட்டு மேஜையில் மட்டும்தான் இருந்தது.

கம்ப்யூட்டரோடு கடைக்காரர் போட்டுக் கொடுத்திருந்த ஆன்டிவைரஸ் அந்தச் சமயம் பார்த்துக் காலாவதியானது. தினமும் ஓரத்தில் ஒரு மஞ்சள் பெட்டி எழும்பி, உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். எழுத்தில் வந்தால் அது உண்மை என்று நம்பிய வயது. கடைக்காரரிடம் ஓடினேன். வெறும் ஆன்டிவைரஸ் இப்போதெல்லாம் பத்தாது, இன்டர்நெட் செக்யூரிட்டி போடுங்கள் தம்பி என்றார். எது நல்லது என்று கேட்டதற்கு, ஒரு மாதம் சும்மா ஓட்டிப் பார்க்கும்படி மூன்றைச் சிடியில் போட்டுக் கொடுத்தார்.

எங்கள் வீட்டில் எதையும் ஓட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டார்கள். கடையிலேயே பேட்டரி போட்டு டார்ச்சை அடித்துப் பார்ப்பார் அப்பா. பானையைத் தட்டிப் பார்க்காமல் அம்மா காசை எடுக்க மாட்டார். ஆட்டுக்குக் காவல் நாய் கொண்டுவந்தபோது, அதற்குப் பழக்கமில்லாத பக்கத்துத் தெரு மாமாவைப் படலுக்கு வெளியே நடக்கவிட்டு, குரைக்கிறதா என்று பார்த்தார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு கிழித்தேன். பட்டனை அழுத்தியதிலிருந்து படம் வர எவ்வளவு நேரம். வைரஸை முழுசாகத் தேட எவ்வளவு நேரம். ஜன்னல் கம்பியில் கயிற்றால் கட்டியிருந்த டேட்டா கார்டில் வரும் கொஞ்சநஞ்ச நெட்டையும் இது தின்றுவிடுகிறதா. நாலாவதாக, பென் டிரைவில் வரும் வைரஸைப் பிடிக்கிறதா. இதற்கென்றே ஒரு பென் டிரைவ் வைத்திருந்தேன். அசைன்மென்ட் பிரின்ட் எடுக்கப் போன ஜெராக்ஸ் கடையில் செருகியதிலிருந்து அதில் வைரஸ் இருப்பது எனக்குத் தெரியும். அதுதான் என்னுடைய பக்கத்துத் தெரு மாமா.

முதல் மென்பொருள், பென் டிரைவ் செருகியதும் பன்றி மாதிரி உறுமி ஒரு சிவப்புப் பெட்டியைக் காட்டியது. அழிக்கவா என்று கேட்டதற்கு, அடுத்த சோதனைக்கு வேண்டுமே என்று வேண்டாம் கொடுத்தேன். ஆனால் கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ள அத்தனை நேரம் ஆனது. “அதுக்குள்ள பாத்திரத்தையே வெளக்கிட்டு வந்துரலாம்” என்றாள், ஆடிக்கு அழைத்து வந்திருந்த அக்கா. அதை எடுத்துவிட்டு இரண்டாவதைப் போட்டேன். பறந்தது. பென் டிரைவைச் செருகினேன், ஒரு சத்தமும் இல்லை. உள்ளே இருந்ததையெல்லாம் திறந்தும் பார்த்தேன். நோட்டில் ‘பிடிக்கவில்லை’ என்று நிதானமாக எழுதினேன். பிடிபடாமல் வந்தவன் எங்கே போயிருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து மூன்றாவது. அது முழுசாகத் தேடி, நூற்றுக்கு மேல் கண்டுபிடித்து, அத்தனையையும் நீக்கிவிட்டேன் என்றது. அதற்கு ஸ்டார் போட்டேன். பிறகு டி டிரைவைத் திறந்தேன். முகூர்த்தம், ரிசப்ஷன், மறுவீடு என்று பெயர் போட்டு வைத்திருந்த ஃபோல்டர் ஒன்றுகூட இல்லை. வெள்ளையாக இருந்தது.

அப்பா வர மூன்று நாள் இருந்தது.

மத்தியானம் சாப்பிடவில்லை. அம்மாவிடம் வயிற்று வலி என்றேன். அக்காவிடம் மட்டும் பொய் சொல்ல முடியவில்லை. சொன்னதும் அவள் திட்டவில்லை. உருவிக்கொண்டிருந்த முருங்கைக்கீரையைக் கீழே வைத்தாள். பிறகு, காட்டு என்றாள். என்ன இருக்கிறது காட்ட என்று அலுத்துக்கொண்டே மில்லை ஓடவிட்டேன்.

எட்டாம் வகுப்போடு நின்றவள் அவள். குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: “ஏன்டா, எல்லாம் போச்சுங்குற. அந்தச் செவப்புக் கோடு அப்படியேல்ல இருக்கு?”

பார்த்தேன். ஒரு இம்மிகூடக் குறையாமல் இருந்தது.

“ஆளு இல்லாட்டி எடம் காலியா இருக்கணும்ல?” என்றாள்.

ஜன்னல் கம்பியோடு போராடி நெட்டில் தேடினேன். அந்த வைரஸ் எதையும் அழிப்பதில்லை. நம்முடைய ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில், அதே மஞ்சள் நிறத்தில் தன்னை வைத்துவிடும். நாம் ஏமாந்து அதைத் திறக்கத் திறக்க அது பெருகும். மூன்றாவது மென்பொருள் தூக்கி எறிந்தது போலிகளைத்தான். மறைந்திருப்பதைக் காட்டு என்கிற ஓர் இடத்தில் டிக் அடித்தேன். காட்டாதே என்கிற இன்னோர் இடத்தில் டிக்கை எடுத்தேன். முகூர்த்தம் மங்கலாக வந்து நின்றது. அக்கா கீரையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

கடைசியில், என் நோட்டில் பத்துக்கு நாலு மார்க் வாங்கிய முதல் மென்பொருளைத்தான் வைத்துக்கொண்டேன். நேரமானாலும் அது குரைத்தது. இன்டர்நெட் செக்யூரிட்டி வேண்டாம், வெறும் ஆன்டிவைரஸே போதும் என்றதில் கடைக்காரருக்கு வருத்தம். எங்கள் டேட்டா கார்டால் அதையே தாங்க முடியவில்லை. கல்யாணத்தை டிவிடிகளில் இரண்டு படி எடுத்து, ஒன்றை அக்கா மாமியார் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

இப்போது திருச்சியில் ஓர் ஆபீஸில், மென்பொருள்களை ஓட்டிப் பார்க்கும் இதே வேலையைத்தான் பார்க்கிறேன், நோட்டில் இல்லாமல் எக்ஸெல்லில். சோதனைக்கென்று ஒன்றுமே இல்லாத ஒரு கம்ப்யூட்டரைத் தனியாக வைத்திருக்கிறேன்.

அந்த லீவில் அப்பா வந்த மறுநாள் குளித்து, வேட்டி சட்டை போட்டு, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். தாலி கட்டும் இடம் வந்தது. கெட்டிமேளத்தில் படம் குலுங்கியது. ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டு, மேடைக்கு நேராக ஒரு சின்ன போனைப் பிடித்துக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னார்.

“அது யாரு கையி?”

“ஏங் கைதாம்ப்பா. நீங்க லைன்ல இருந்தீங்க.”

அன்றைக்கு அவருக்கு மேளச் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த போனையே பார்த்தார்.

“அப்ப நானும் இருந்திருக்கேன்” என்றார். பிறகு, ஓடவிடச் சொன்னார்.