ரிவர்ஸ் போடாத மனிதர்

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் ரவுண்டு. ஆள் ஒல்லிதான், உடம்பைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. சந்துக்குள் லாரியைக் கொஞ்சம் பின்னால் எடுத்துத் திருப்பினால் முடிகிற வேலைக்கு, மூன்று தெரு சுற்றிக்கொண்டு வந்து நிற்பார். சுற்ற வழியில்லாத சந்து என்றால் முனையிலேயே நிறுத்திவிடுவார். சரக்கு இறக்குகிறவர்கள் அங்கிருந்து சிமெண்ட் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு போவார்கள், அவரை வாய்க்குள் திட்டிக்கொண்டே.

கேட்டால் அதற்கு ஒரு தத்துவம் வைத்திருக்கிறார். முன்னால் போவதற்குத்தான் இன்ஜினை முன்னால் வைத்திருக்கிறார்களாம். உண்மையான காரணம் வேறு. லாரி கைக்கு வந்த புதிதில் ரிவர்ஸ் எடுத்து, சொந்த வீட்டுக் குளியலறைச் சுவரை இடித்துத் தள்ளினார். கொத்தனார் சுவரைக் குறுக்கே கட்டிவிட்டார் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். அன்றோடு அந்த கியரையே கைகழுவிவிட்டு, தெரியாததைக் கொள்கையாக்கிக்கொண்டார். டீக்கடையில் உட்கார்ந்து மற்ற டிரைவர்களுக்கு வண்டி ஓட்டப் பாடம் எடுப்பதை மட்டும் விடவில்லை.

அந்த லாரி எங்கள் அப்பாவுடையது. எங்கள் வீட்டு ஷெட்டுக்குள் வண்டி பின்பக்கமாகத்தான் நுழையும், அவ்வளவு ஒடுக்கமான வழி. தினமும் சாயங்காலம் அதை உள்ளே விடுவது அக்காவின் வேலை. லைசென்ஸ் எடுத்தவள், ஒரு கீறல் விழாமல் விடுவாள். அப்பாவுக்கு முழங்கால் போனதும் வண்டி மாப்பிள்ளை கைக்கு வந்தது. சாவி அவர் சட்டைப்பைக்குள் போனது. "உனக்கெதுக்கு இந்த வேலை" என்றார். அதற்குப் பிறகு அக்காவுக்குப் பக்கத்து ஸீட்தான். அவர் போய்ப் பேசினால் கட்டடக்காரர்களோடு சண்டை வரும், அதனால் பேசுவதற்கு மட்டும் அவள் தேவைப்பட்டாள்.

வண்டி கை மாறிக் கொஞ்ச காலத்தில் பிரேக் பெடல் தரையைத் தேட ஆரம்பித்தது. என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஒரு முறை மிதித்தால் பெடல் அடிவரை போகும், இரண்டாவது மிதியில் மேலே வந்து பிடிக்கும். ஆயில் குறையவில்லை, எங்கும் கசிவில்லை, பிரேக் குழாயிலிருந்த காற்றையும் எடுத்துவிட்டேன். அப்படியென்றால் பின் சக்கரத்தோடு சுற்றுகிற ட்ரம்முக்கும், அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற பிரேக் ஷூவுக்கும் நடுவே இடைவெளி கூடிவிட்டது என்று அர்த்தம். ஜாக்கி போட்டுத் தூக்கி, பின் தகட்டில் உள்ள துளை வழியாக ஸ்க்ரூ டிரைவரை விட்டு, அட்ஜஸ்டரின் பல்சக்கரத்தைத் திருப்பினேன். சக்கரத்தைக் கையால் சுற்றும்போது லேசாக உரசுகிற பதத்தில் நிறுத்தினேன். பெடல் மேலே வந்தது. ஷூவின் மேலிருக்கிற லைனிங் தேயத் தேய இடைவெளியைத் தானாகவே குறைத்துக்கொள்கிற வகை அட்ஜஸ்டர் அது. ஆனாலும் ரவுண்டு திரும்பத் திரும்ப வந்தார். வரும்போதெல்லாம், வேலை செய்கிற லட்சணம் இதுதானா என்று பட்டறையில் நாலு பேர் முன்னால் கேட்டார். அக்கா முகத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள், கல் குவாரிக்குக் கீழே இருக்கிற சரிவில், முழுப் பாரத்தோடு இறங்கும்போது பெடல் அடியோடு போய்விட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஓரத்துச் சுவரில் வண்டியை உரசி நிறுத்தியிருக்கிறார். ஹேண்ட் பிரேக்கை நம்பி ஊர்ந்து பட்டறைக்கு வந்ததும், அக்கா இறங்கி நேராகத் தண்ணீர்ப் பானைக்குப் போனாள். அவரோ இறங்கும்போதே என்னைத் திட்டிக்கொண்டு இறங்கினார். எனக்கு அவர் மேல் துளி இரக்கம் வரவில்லை. அவர் எந்தச் சுவரில் வேண்டுமானாலும் போய் முட்டட்டும். ஆனால் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்திருந்தவள் என் அக்கா.

இரண்டு ட்ரம்மையும் கழற்றினேன். லைனிங்கில் இன்னும் கனம் இருந்தது. பல்சக்கரமும் இறுகிப்போகவில்லை, கையால் திருப்பினால் லேசாகச் சுற்றியது. ஆனால் போன தடவை நான் பெயிண்டால் வைத்த புள்ளி, வைத்த இடத்திலேயே இருந்தது. தானாக ஒரு பல்கூட நகரவில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அக்கா, "அப்பா வெச்சிருந்தவரைக்கும் இந்த வண்டிக்குப் பின்பிரேக்கை யாரும் திறந்தே பார்த்ததில்லையே தம்பி" என்றாள்.

அப்போதுதான் உறைத்தது. இந்த ரக அட்ஜஸ்டர், வண்டி பின்னால் போகும்போது பிரேக் பிடித்தால்தான் ஒரு பல் நகரும். முன்னால் போய் ஆயிரம் தடவை மிதித்தாலும் சும்மாதான் இருக்கும். அப்பா காலத்தில் அக்கா தினமும் ஷெட்டுக்குள் விட்டு பிரேக் பிடித்தாள், அது தன்னைத்தானே இறுக்கிக்கொண்டது. இந்த மகானுபாவர் குளியலறைச் சுவரை இடித்தபின் வண்டி ஒரு முழம்கூடப் பின்னால் போகவில்லை.

சொன்னேன். சிரித்தார். "வண்டியைப் பின்னால ஓட்டினாத்தான் பிரேக் பிடிக்குமா? நல்லா கதை விடுற மாப்ள" என்றார். பிறகு, நீயே மாதாமாதம் கையால் இறுக்கிக் கொடு, அதுதானே உன் தொழில் என்றார். மூன்று தெரு சுற்றினாலும் சுற்றுவார், பொண்டாட்டியைச் சரிவில் உருட்டிவிட்டாலும் விடுவார், ரிவர்ஸ் மட்டும் போடமாட்டார்.

ட்ரம்மை மாட்டினேன், ரிவர்ஸில் தானாகவே இறுகுவதை அவரே பார்க்கட்டும் என்று கையால் இறுக்காமல் விட்டேன். அக்கா எழுந்து அவர் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க."

ஏன் கொடுத்தார் என்று தெரியாது. நான் விட்டது கதைதான் என்று காட்டிவிடலாம் என நினைத்திருக்கலாம்.

அவள் ஏறினாள். பட்டறைக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில் மெதுவாக ரிவர்ஸ் எடுத்தாள், மிதித்தாள், கொஞ்சம் முன்னால் வந்து மறுபடி ரிவர்ஸ் எடுத்தாள். நான் சக்கரத்தோரம் குந்திக் காதைக் கொடுத்தேன். ட்ரம்முக்குள் டக் என்றது. மறுபடி டக். ரவுண்டு பின்னால் நின்றுகொண்டு, சுற்றிலும் ஒரு முட்டுக்கட்டைகூட இல்லாத இடத்தில், ஸ்டியரிங்கை ஒடி, ஒடி என்று கையாட்டிக்கொண்டிருந்தார். மிதிக்க மிதிக்கப் பெடல் மேலே ஏறியது. கடைசியில் பாதியிலேயே கல் மாதிரி நின்றது.

அவர் வந்து டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, அவள் இறங்குவதற்காக நின்றார். அவள் இறங்கவில்லை.

"அந்தப் பக்கமா ஏறுங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

என்னைப் பார்த்தார். நான் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்தேன். பட்டறையில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, லாரியின் மூக்கைச் சுற்றி நடந்துபோய் மறுபக்கம் ஏறி, கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா கண்ணாடியை ஒரு தடவை பார்த்தாள். கேட் வழியாகத் தெருவரைக்கும் வண்டியை ரிவர்ஸிலேயே எடுத்துக்கொண்டு போனாள்.