குளிருக்கு அஞ்சாத வாழை

தென்காசிக்கு மாற்றலாகி வந்ததும் நான் செய்த முதல் காரியம், ஒரு வாழைக்கன்றைக் கூரியரில் வரவழைத்தது. எங்கள் வீட்டுப் பின்சுவரைத் தாண்டினால் வயல், வயல் முழுக்க வாழை. குளிக்கிற தண்ணீர் ஓடித் தேங்குகிற இடத்தில்கூட வாழை நிற்கிற ஊர் இது. ஆனால் நான் வாங்கியது அலங்கார வாழை. பூ ரோஜா நிறம், பழமும் ரோஜா நிறம், உள்ளே முழுக்க விதை. உறைபனி விழுந்தாலும் சாகாது என்பதுதான் அதன் பெருமை. தென்காசியில் உறைபனி விழுந்ததுண்டா என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை.

அதற்கு முன் குன்னூரில் ஒன்பது வருடம் குப்பை கொட்டினேன். அலுவலகத்துக்கு எதிர் பங்களாவில் இந்த வாழை நின்றது. மார்கழிப் பனியில் கருகி விழும். பங்குனியில் ஒன்றுமே நடக்காததுபோல அடியிலிருந்து கிளம்பி வரும். ஒன்பது வருடத்தில் அந்த ஊரில் நான் பொறாமைப்பட்ட ஒரே ஜீவன் அதுதான்.

என் மனைவிக்கு ஆய்க்குடி. பிறந்த வீட்டில் வாழைதான் விவசாயம். பெட்டியைப் பிரித்து, பஞ்சில் சுற்றி வைத்திருந்த முழ உயரக் கன்றைப் பார்த்தவள் கேட்டாள்.

"எங்க அண்ணன்ட்ட கேட்டா ஒரு லாரி கன்னு தருவாவளே. இதை எதுக்கு வாங்குனிய?"

அழகுக்கு என்றேன். அவள் என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பனிக்கு அஞ்சாத கன்று பங்குனி வெயிலுக்கு ஒரே வாரத்தில் மடங்கியது. கூடவே வந்த குறிப்பில், குளிர்காலத்தில் தண்டைச் சுற்றி வைக்கோல் கட்ட வேண்டும் என்று விவரமாக எழுதியிருந்தார்கள். வெயிலுக்கு என்ன கட்டுவது என்று ஒரு வரி இல்லை. நானாகவே பச்சை வலையில் பந்தல் போட்டு, தண்டைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டி, மூன்று வேளையும் தண்ணீர் தெளித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் வயலில் நின்ற வாழையெல்லாம் பந்தலோ சாக்கோ இல்லாமல் குலை தள்ளிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்தார். என் மனைவியின் அண்ணன். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று இப்போது வாழை போடுகிறவர். பந்தலைச் சுற்றி வந்தார். சாக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"நான் பனிமலையில காவல் நிக்கையில எனக்கு இப்படி ஒரு ஆளு வாய்க்கலியே, மாப்ள" என்றார்.

ஆனியில் சாரல் இறங்கியதும் கன்றுக்கு உயிர் வந்தது. குற்றாலத்துக்காரர்களைப் போலவே அதற்கும் சீசனில்தான் சுறுசுறுப்பு. வாரம் ஓர் இலை விட்டது. விட்ட இலையை எல்லாம் சாரல் காற்று நார்நாராகக் கிழித்தது. பந்தி போடவும் உதவாத இலை என்று என் மனைவி தன் குடும்பம் முழுவதற்கும் போனில் அறிவித்தாள். அடுத்த ஆவணியில் பூ வந்தது. மற்ற வாழைபோலத் தலை கவிழாமல், மெழுகுவர்த்தி மாதிரி நிமிர்ந்து நின்றது. அன்று முதல் செடி அவளுடையது ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூட்டிவந்து, "நாங்க குன்னூர்ல இருந்தப்பவே நெனச்சதுதான்" என்று காட்டினாள். 'நாங்க' என்றதைக் கேட்டுக்கொண்டு நான் தண்ணீர் தெளித்தேன்.

பழுத்ததும் தோல் தானாகவே பிளந்து பின்னால் வளைந்துகொண்டது. உரித்துவைத்த மாதிரி வெள்ளைச் சதை. மச்சான் அன்று தங்கைக்குக் கார்த்திகைப் படி என்கிற சீர் கொடுக்க வந்திருந்தார். தின்னக்கூடாது மச்சான், விதை கல்லு மாதிரி இருக்கும் என்று நான் சொல்லச் சொல்ல ஒன்றைப் பிய்த்தார்.

"பொறந்ததுலேர்ந்து வாழைப்பழம் திங்குதேன். எனக்கு நீரு சொல்லித் தாரீரா?"

கடக் என்று சத்தம் கேட்டது. மச்சான் வாயை மூடியபடி தலைகுனிந்து நின்றார். கடைவாய்ப் பல் பாதியாக உடைந்திருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் அவரைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அறையில் அவர் வலியில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. எதைக் கடித்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். மச்சான் என்னைப் பார்த்தார். வாழை விவசாயி வாழைப்பழத்தில் பல் உடைத்துக்கொண்டதை அவர் எப்படிச் சொல்வார்?

"ஆட்டு நல்லி எலும்பும்மா" என்றேன் நான்.

திரும்பும் வழியில் வண்டியின் பின்னால் உட்கார்ந்தபடி, வீங்கிய வாயோடு, தங்கச்சியிடமும் நல்லி எலும்பு என்றே சொல்லிவிடுமாறு கேட்டுக்கொண்டார். அவள் அடுக்களை ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தாள் என்பதை நான் சொல்லவில்லை. அவளும் அண்ணனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, நல்லியை இனிமேல் பார்த்துக் கடிக்கச் சொன்னாள்.

இப்போது அடியில் பதினோரு பக்கக்கன்றுகள் நிற்கின்றன. சும்மா தருகிறேன் என்றாலும் வாங்க ஆளில்லை.